ஒலி அனுப்பாத நேரம்

2006-இல், முதுகலை ஆய்வுக்காக, ஓசூரில் பிரஸ் இயந்திரங்களில் தகடு அடிக்கும் பெண்களின் கேட்கும் திறனை அளந்துகொண்டிருந்தேன். ஹெட்போனில் ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். பதினான்காவதாக வந்த அக்காவிடம்தான் முதன்முறையாக ஒலி அனுப்பாமல் சற்று நிறுத்திப் பார்த்தேன்; அப்போதும் அழுத்தினார்.

“அக்கா, இப்போ சத்தமே வரலியே?”

“காது மந்தம்னு எழுதிட்டா கம்பெனியில வச்சிக்குவாங்களா, மேடம்?”

தாளைத் திருப்பிக் காட்டினேன். அதில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். கம்பெனிக்கு இது போகாது என்றேன்.

“அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? எடது காதுல ஒண்ணுமே கேக்கல. எனக்கு முன்னாடி வந்தவளுங்களும் சும்மாதான் அமுக்கினாளுங்க,” என்று சிரித்தார்.

தவறான அளவுகளோடு ஆய்வு முடியாமல் தப்பியதால், ஒரு வார உழைப்பு போனதில் எனக்கு வருத்தமே இல்லை. பதின்மூன்று பேரையும் மறுபடி அழைத்தேன். இம்முறை முதலில் தாளைக் காட்டினேன். பிறகுதான் ஹெட்போனைக் கொடுத்தேன்.