பூங்காவுக்கு வந்த பிள்ளையார்

எனக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குக் கோலம் வராது, அதுபோல இதுவும் ஒரு கோளாறு. ஒன்பது வயதில் அது முற்றிய நிலையில் இருந்தது. வந்த விருந்தாளியிடம் முறுக்கு தீர்ந்துவிட்டது என்று அம்மா சொன்னால், "மேல் அலமாரில டப்பா நெறைய இருக்கேம்மா" என்று ஸ்டூல் போட்டு எடுத்துக்கொடுப்பேன். அதனால் வீட்டில் முக்கியமான பேச்சு எது வந்தாலும் முதலில் என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த வருடம் தேவைக்கு மேல் கொத்தமல்லி இருந்தது.

வந்தவாசிப் பக்கத்திலிருந்து நாங்கள் காட்டுப்பாக்கத்துக்கு வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. வயலாக இருந்த இடத்தை மனை போட்டு விற்ற நகர் அது. மொத்தம் நாலு தெரு. கடைசித் தெருவின் கோடியில் எங்கள் வீடு, அதற்கு எதிரே ஒரு காலி இடம். ஒரு வேப்பமரம், கொஞ்சம் சீமைக் கருவேலம், மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர். மனை வாங்கியபோது கொடுத்த வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பச்சை வண்ணம் அடித்து 'பூங்கா' என்று எழுதியிருந்தது. எழுதியதோடு சரி. ஆனாலும் மாலை நாலரை மணியானால் நகரின் அத்தனை பிள்ளைகளும் அங்கேதான் கிடப்போம். நான் சைக்கிள் பழகியதும் அங்கே, முன்பல்லை உடைத்துக்கொண்டதும் அங்கே. பூங்கா வந்தால் சறுக்குமரம் வரும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அதில் யார் முதலில் ஏறுவது என்று எங்களுக்குள் அடிதடிகூட நடந்து முடிந்திருந்தது.

ஒருநாள் பள்ளிவிட்டு வந்து பார்த்தால் இடம் முழுக்கச் சுண்ணாம்புக் கோடு. மஞ்சள் கல் நட்டு, அதை நாலு மனையாகப் பிரித்திருந்தார்கள். எல்லாம் நகரை விற்றவருடைய ஆட்களின் வேலை. பெரியவர்கள் கொதித்துப்போனார்கள். கொதிப்பதில் எங்கள் நகரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, ஆறுவதும் அதே வேகம்தான். ஆறாமல் இருந்தவள் அம்மா ஒருத்தி. வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றாள். தெருக்களையும் பூங்காவையும் ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த பிறகுதான் நகருக்கே அனுமதி கிடைத்தது, கொடுத்ததைத் திரும்ப விற்க அந்த ஆளுக்கு என்ன உரிமை என்பது அம்மாவின் கட்சி. 'நேரில் ஆய்வு செய்யப்படும்' என்று பதில் வந்தது. எப்போது என்று அதில் இல்லை.

எங்கள் வார்டு மெம்பர் காட்டுப்பாக்கத்துப் பழைய ஊர்க்காரர். அவர்கள் வீட்டு எருமைகள் அந்தக் காலி இடத்தில்தான் மேயும். அவர்தான் அம்மாவுக்கு ஒரே தெம்பு. "நீ இன்னாத்துக்குக் கவலப்படுற? தானப் பத்திரம் ஆபீஸ்ல பத்திரமா கீது. ஒன்றிய ஆபீஸ் மேடம் வரட்டும், பாத்துக்கலாம்" என்பார்.

சித்தப்பாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அப்பாவின் தம்பி, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, எங்களோடுதான் இருந்தார். எஸ்டேட் கேன்டீனில் கற்றுக்கொண்ட மெட்ராஸ் தமிழை வீட்டுக்கும் கொண்டுவருவார். "மனு குடுத்து எந்தக் கல்லு அண்ணி பேந்துகீது? புள்ளையாரு வந்து குந்திக்கினாருன்னா எவன் கை வைப்பான், சொல்லு?" என்றார். அம்மா உலையில் அரிசியைப் போட்டாள்.

அந்தச் சனிக்கிழமை சித்தப்பா என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனார். போகும் வழியில் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. சிலை விற்கும் கடையில் முழங்கை உயரத்தில் ஒரு கல் பிள்ளையாரை வாங்கி, அரிசிச் சாக்கில் சுற்றி, எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார். வீடு வரும்வரை கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். பிள்ளையார் அவ்வளவு கனம் இருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஒரு கால் மரத்தே போய்விட்டது. தெரு உண்ட மயக்கத்தில் இருந்த மத்தியானத்தில், விளக்கெண்ணெயும் கரியும் பூசி அவரை வேப்பமரத்தடியில் பாதி புதைத்தார் சித்தப்பா.

"பாப்பா, யார்கிட்டயும் வாயத் தொறக்கக்கூடாது. சாமி கண்ணக் குத்தும்."

"யாராவது கேட்டா?"

"யாரும் கேக்கமாட்டாங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பொய்யில் சேராது. அம்மாகூட ஒன்றும் கேட்கவில்லை. என் பாவாடையில் அப்பியிருந்த கல்தூளையும் எண்ணெய்க் கறையையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை ஊறவைத்துத் துவைத்துப் போட்டாள்.

மறுநாள் காலை, எருக்கம்பூ பறிக்கப்போன சித்தப்பா பிள்ளையாரைக் 'கண்டுபிடித்தார்'. அடடா, அவர் போட்ட கூச்சலுக்கு மூன்றாவது தெருவிலிருந்தெல்லாம் ஓடிவந்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து தானாகவே எழும்பியவர், நூறு வருடத்துச் சுயம்பு என்று அரைமணி நேரத்தில் முடிவாயிற்று. அடுத்த நாள் தகரக் கொட்டகை வந்தது, அதற்கடுத்த நாள் மணி, பிறகு ஸ்பீக்கர். பந்து சாமிமேல் பட்டுவிடும் என்று எங்களை விரட்டினார்கள். விரட்டியவர்களில் முதல் ஆள் சித்தப்பா. சைக்கிளும் கூடாது, ஓடிப்பிடிப்பதும் கூடாது, தீட்டாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு வந்தவளுக்கே இடமில்லை என்றால் இது என்ன நியாயம்!

இதைவிட வேடிக்கை, அந்த வாரம் வெள்ளிக்கிழமை நகரை விற்றவரே ஆளுயர மாலையோடு வந்ததுதான். தேங்காய் உடைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, சித்தப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். சித்தப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஆளு பயந்துட்டான் அண்ணி" என்றார். அம்மாவின் முகம்தான் வெளுத்துப்போயிற்று. அன்று குழம்பில் உப்பே இல்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை காலை, நான் சீருடையை மாட்டிக்கொண்டு நிற்கும்போது, இன்றைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றாள் அம்மா. காய்ச்சல் வந்தால்கூட மாத்திரையைப் போட்டுவிட்டுத் துரத்துகிறவள் அவள். காரணம் கேட்டால் மனம் மாறிவிடுவாளோ என்று பயந்து நான் கேட்கவில்லை. பின்னலைப் பிரித்துப் புதிதாகப் பின்னி, பூ வைத்து, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்ப்புறம் போனாள்.

ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு ஒரு மேடம் வந்திருந்தார். நகரே திரண்டு நின்றது. மேடம் வரைபடத்தைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார். இந்தக் கோயில் எத்தனை வருடமாக இருக்கிறது என்று கேட்டார்.

"நூறு வருஷத்துக்குக் கொறையாது மேடம்" என்றார் சித்தப்பா. கூட்டம் தலையாட்டியது.

நகரை விற்றவர் இதற்காகவே காத்திருந்தவர்போல முன்னால் வந்தார். "பாருங்க மேடம், ஜனங்களே சொல்றாங்க. நூறு வருஷமா கோயில் இருக்கற எடத்தப் பூங்கான்னு போட்டது வரைபடத்துல வந்த பிழை. பிழையா எழுதின தானம் எப்படிச் செல்லும்? சாமிக்கு ஒரு சென்ட் நானே எழுதித் தர்றேன். மத்தது எங்க நெலம்."

நூறு வருடம் இல்லை என்று இப்போது சொன்னால் சித்தப்பா பொய்யர், ஆமாம் என்றால் இடம் போயிற்று. ஆப்பசைத்த குரங்கு என்று சொல்வார்களே, அதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். அம்மாவின் கை என் தோளில் இருந்தது. அவள் மெதுவாகச் சொன்னாள்: "இவ தெனம் இங்கதான் மேடம் விளையாடுவா."

மேடம் என் பக்கம் குனிந்தார். "அப்படியா? நீ சொல்லு பாப்பா, பிள்ளையார் எப்ப வந்தாரு?"

கேட்டுவிட்டார். யாரும் கேட்கமாட்டார்கள் என்று சித்தப்பா சொல்லியிருந்தாரே! கண்ணைக் குத்தினால் குத்தட்டும் என்று இறுக மூடிக்கொண்டேன்.

"ரெண்டு சனிக்கெழமைக்கு முன்னாடி மேடம். சித்தப்பா வண்டியில. நாந்தான் புடிச்சிக்கிட்டு வந்தேன். பூந்தமல்லியில வாங்கினோம். எனக்கு ரோஸ்மில்க்கும் வாங்கிக் குடுத்தாரு."

வார்டு மெம்பர்தான் முதலில் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "ஐய, சுயம்பு வண்டி ஏறி வந்துகீறாருடா!" அவ்வளவுதான், கூட்டமே சிரித்துவிட்டது. மேடமும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் எழுதினார். ரெண்டு வாரத்துக்கு முன்னால் வந்தவரால் வரைபடம் பிழையாகிவிடாது, இது ஊராட்சியின் பூங்காதான், மஞ்சள் கல்லையும் எடுக்க வேண்டும், கொட்டகையையும் எடுக்க வேண்டும் என்றார். பிள்ளையாரை வார்டு மெம்பரே தங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கு அழைத்துக்கொண்டார். அதே வண்டியில்தான் சித்தப்பா அவரைக் கொண்டுபோய் விட்டார். பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிடவில்லை.

பத்து நாள் அவர் என்னோடு பேசவில்லை. நானோ தினமும் கண்ணாடி முன் நின்று கண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மழைக்காலம் முடிந்து வேலி வந்தது, அடுத்த கோடையில் சறுக்குமரமும் வந்தது. முதலில் ஏற எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். கீழே நின்று என்னைப் பிடித்தவர் சித்தப்பா. சறுக்குமரம் இன்றைக்கும் அங்கே இருக்கிறது, இரண்டு முறை வண்ணம் மாறியிருக்கிறது.

ஆனால் அன்றைக்கு எனக்குப் புரியாதது வேறு. ஆய்வுக்கு மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா விடுப்புக் கடிதம் கொடுத்தாள். வாசலிலேயே பிரித்துப் படித்தேன். 'என் மகளுக்குக் கடுமையான வயிற்று வலி இருந்த காரணத்தால்' என்று முத்துமுத்தாக எழுதியிருந்தாள்.

"அம்மா, எனக்கு வயித்து வலியே இல்லையே."

"மிஸ் கேட்டா சொல்லிக்கோ, போ" என்றாள் அம்மா. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

கொழுந்தனைத் தெருவில் வைத்துப் பொய்யன் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வராது. வீட்டில் அதற்கென்றே ஒரு வாய் இருந்தது. இது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆயிற்று. அன்றைக்கு வழிநெடுக நான் யோசித்ததெல்லாம், அம்மா கடிதத்தில் ஏன் பொய் எழுதினாள் என்றுதான். என்னை ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.