பச்சையம்மாள் ஊன்றிய வேலி

கச்சிராயபாளையம் பக்கம் யார் கொல்லைக்கு வேலி போட்டாலும் முதல் போத்துக் குச்சியைப் பச்சையம்மாள்தான் ஊன்ற வேண்டும். கிளுவையோ பூவரசோ, அவள் கை பட்ட குச்சி துளிர்க்காமல் போனதில்லை. அந்தக் கைராசியில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டுமே, எலவனாசூர்கோட்டையிலிருந்து வாழ வந்தவளுக்குப் பிறந்த வீட்டுச் சீதனம் வேறு என்ன இருந்தது?

காசிநாதனின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வருஷக்கணக்காகச் சம்பா போட்டு வந்தாள். புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறும் மரியாதையும் அந்த நிலம்தான். மலையிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றிதான் ஒரே தொல்லை.

அந்தச் சமயத்தில்தான் தெருவிளக்குக்குப் பதிலாக, இருட்டினால் இலையெல்லாம் வெளிச்சம் விடும் மரங்களை ரோட்டோரம் வைத்தார்கள். கரண்டு மிச்சம் என்றார்கள். காற்றில் முறிந்த கிளைகளைப் பச்சையம்மாள் அள்ளி வந்து நிலத்தைச் சுற்றி ஊன்றினாள். வெளிச்சத்துக்குப் பன்றி வராது என்பது அவள் கணக்கு. வரவும் இல்லை. ஐப்பசி மழையில் வேலி ஆளுயரம் எழுந்து, பொழுது சாய்ந்தால் கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது.

மார்கழியில் ஊர் வயலெல்லாம் கதிர் தள்ளியது. அவள் வயல் மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. தண்டைப் பிளந்து பார்த்தாள், உள்ளே இளங்கதிர்ப் பொதியே இல்லை. பக்கத்து வயல்காரர் இருசப்பன் வந்து, தன் வயலிலும் அவள் வேலியோரம் மட்டும் கதிர் வராததைக் காட்டினார்.

"இருட்டுனாதாம்மா சம்பா கதிர் வுடும். நீ அத்த தூங்கவே வுடாம வச்சிக்கினு கீற."

அன்றே கத்தியை எடுத்தாள். வெட்டிய இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர் வந்தது. சேற்றில் விழுந்த சிம்பெல்லாம் வேர் பிடித்தது. உப்பைக் கரைத்து ஊற்றினாள், வரப்போர நெல்தான் கருகியது. இருந்த புடவைகளை வேலிமேல் போர்த்தினாள், காற்று வாரிக்கொண்டு போனது.

காசிநாதன் வந்து பார்த்துவிட்டு, தை பிறந்ததும் நிலத்தை விட்டுவிடச் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

பொழுது சாய்ந்தது. வேலி இலை இலையாக வெளிச்சம் விட ஆரம்பித்தது. பச்சையம்மாள் மண்டியிட்டு, தான் முதலில் ஊன்றிய போத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என் கையால வச்சதுதான நீ. பட்டுப் போயேன்," என்று கெஞ்சினாள்.

அவள் கைக்குக் கீழேயே ஒரு புதுத் துளிர் விட்டிருந்தது.