சசிகலாவின் இடது இடுப்பு

வேலைக்குப் போகும் நேரம் போக, சசிகலாவை மண்ணூரில் யாரும் தனியாகப் பார்த்ததில்லை. இடது இடுப்பில் மகள் ஐஸ்வர்யா இருப்பாள். பிறந்ததிலிருந்தே அந்தப் பெண்ணுக்குக் கால்களில் வலு கிடையாது. மற்றப் பிள்ளைகள் இடுப்பை விட்டிறங்கி ஓடுகிற வயது வந்தது, பள்ளிக்கூடம் போகிற வயது வந்தது, இவள் இறங்கவில்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாப், கோயிலில் கூழ் ஊற்றும் நாள் என்று எங்கே போனாலும் சசிகலா இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, உடம்பை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டு நடந்துவிடுவாள். அதன் பிறகு ஒரகடத்தில், பிளாஸ்டிக் சாமான் செய்யும் கம்பெனியில், நின்றுகொண்டே பேக்கிங் வேலை.

முதுகு வலித்தபோது தைலம் தடவிக்கொண்டாள். வலது கால் மரத்துப்போனபோது உதறிவிட்டு நடந்தாள். ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கினால், கால் எழும்பவில்லை. படியில் முட்டி இடித்து விழுந்தாள்.

ஸ்கேனில், கீழ்முதுகு எலும்பு ஒன்று முன்பக்கமாக நழுவியிருந்தது. சென்னையில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். நழுவிய எலும்பையும் அதற்குக் கீழே இருந்ததையும் கம்பியும் திருகாணியும் போட்டு ஒன்றாகச் சேர்த்தார்கள். குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

"பொண்ணத் தூக்கினதாலதான் இப்படியா?" என்று கணவன் சிவசங்கர் டாக்டரிடம் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அப்படிச் சொல்ல முடியாது. பல காரணம் இருக்கும்," என்றார் டாக்டர்.

அந்தப் பதிலை சிவசங்கர் வீட்டில் வந்து சொன்னான். ஐஸ்வர்யா கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்பது தெரியவில்லை.

எழுந்து நடக்க ஆரம்பித்ததும் சசிகலாவுக்கு ஒரு புதுக் குழப்பம். முதுகு வலி குறைந்திருந்தது. ஆனால் இடது கால் நீண்டுவிட்டதுபோல் இருந்தது. சமதரையிலேயே மேட்டில் ஏறி இறங்குவதுபோல் நடந்தாள். செக்கப்புக்குப் போக வழக்கம்போல் புடவை கட்டினால், இடப்பக்கம் கரை தரையில் புரண்டது.

"நட்டு போடறப்போ காலை இழுத்துட்டானுங்களோ இன்னாவோ," என்றாள் பக்கத்து வீட்டுக் கோமதியம்மாள். "வலது செருப்புல அட்டை வெச்சுத் தெச்சுக்கோடி. சரியாப் பூடும்."

சிவசங்கர் ஸ்ரீபெரும்புதூரில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, வலது செருப்புக்கு அடியில் கூடுதலாக ஒரு ரப்பர் ஒட்டி வாங்கி வந்தான். முதலில் சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் வலது இடுப்பு மூட்டில் வலி பிடித்து, முட்டிவரை இறங்கியது.

பிசியோதெரபி பார்க்கும் வசந்தகுமார் அவளைப் படுக்கவைத்து இரண்டு கால்களையும் டேப்பால் அளந்தான். பிறகு எழுந்து நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தான்.

"இடது பக்கம் ரொம்ப நாளா வெயிட் தூக்குவீங்களாம்மா?"

"வெயிட் இல்ல சார். எம் பொண்ணு."

அவன் டேப்பைச் சுருட்டி மேசையில் வைத்தான்.

"காலு ரெண்டும் ஒரே நீளம்தான். இத்தனை வருஷம் உங்க இடுப்பு இடது பக்கம் ஏறியே நின்னுட்டுது. முதுகு வளைஞ்சு அதுக்கு ஈடு குடுத்துது. இப்ப கம்பி போட்டதால அந்த இடத்துல வளையாது. இடுப்பு கீழ இறங்க ஆரம்பிச்சிருக்கு, காலோட சேர்ந்து புது நிலைக்கு வரணும். சாய்ஞ்சே பழகிட்டதால, நேரா நிக்கிறது உங்களுக்குக் கோணலாத் தெரியுது. இந்தச் செருப்பு உங்களை இடது பக்கமாச் சாய்க்குது. அதான் வலி. கழட்டிடுங்க."

"இறங்கின இடுப்பு மறுபடி ஏறாதா சார்?"

அவள் எதற்குக் கேட்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. "ஏறாமப் பாத்துக்கத்தான் இந்தப் பயிற்சி எல்லாம்," என்றான்.

பயிற்சிகளை அவள் அரைமனதாகத்தான் செய்தாள். வீட்டில் யாரும் பார்க்காதபோது இடது இடுப்பைப் பழையபடி தள்ளி நின்று பார்ப்பாள். அங்கே மகள் உட்கார இடம் இல்லாதது அவளுக்கே தெரிந்தது. ஐஸ்வர்யாவை இப்போது சிவசங்கர்தான் தூக்கினான். மூட்டை தூக்குவதுபோல் தோளில் போட்டுத்தான் அவனுக்குத் தூக்கத் தெரியும். வயதுக்கு வரப்போகிற பெண். அப்பா தன்னைக் குளியலறைக்குத் தூக்கிப்போவது பிடிக்காமல், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் கட்டிலிலிருந்து நகரும்போது ஐஸ்வர்யா கீழே விழுந்தாள். அடி பலமில்லை. சசிகலா ஓடிவந்து நின்றாள். கை தானாக நீண்டது. குனியப் போனவளை மகளின் குரல் தடுத்தது.

"வேணாம்மா. தொடாத."

சுவரைப் பிடித்து, ஒவ்வொரு முட்டியாக மடக்கி, முதுகை வளைக்காமல் சசிகலா தரையில் இறங்கி உட்கார்ந்தாள். இனி சிவசங்கர் ஷிப்ட் முடிந்து வந்தால்தான் இரண்டு பேருமே எழ முடியும்.

"வலிக்குதாடி?"

"இல்ல." கொஞ்சம் பொறுத்து, "நீ சரியானா மறுபடி தூக்குவியாம்மா?" என்றாள் மகள்.

"தூக்குவேன்."

"நீ தூக்க வேணாம்னுதான் சொல்றேன். எனக்குச் சக்கர வண்டி வாங்கிக் குடுங்க. நானே தள்ளிகினு போறேன்."

முன்பு மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு முகாமில் வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவள் சசிகலாதான். நான் இருக்கிறவரை என் பெண் எதற்கு வண்டியில் உட்கார வேண்டும் என்று அன்றைக்குச் சண்டையே போட்டாள். இப்போது மகளின் மெலிந்த கால்களை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள். ஐஸ்வர்யா அழவில்லை.

சிவசங்கர் வந்து கதவைத் தள்ளியபோது, "வண்டிக்கு எழுதிக் குடுத்துட்டு வா," என்றாள் சசிகலா.

அதன் பிறகுதான் பயிற்சியை ஒழுங்காகச் செய்தாள். மெல்ல மெல்ல இடுப்பு இறங்கியது. ஒருநாள் கூடத்தைக் கடக்கும்போது, தரை மேடு பள்ளமில்லாமல் இருப்பதை உணர்ந்து நின்றாள். முழுக்க நேராகவில்லை. களைத்துப்போனால் இடது பாதம் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பும். அது அப்படியே இருக்கலாம் என்று வசந்தகுமார் சொல்லிவிட்டான். கம்பெனியில் உட்கார்ந்து லேபிள் ஒட்டும் வேலை கொடுத்தார்கள். அதிலும் முதுகு இறுகுவதால் அடிக்கடி எழுந்து நிற்க வேண்டியிருந்தது.

வண்டி வந்தது. குளியலறைக்குக் கூடவே போகக் கோமதியம்மாள் முன்வந்தாள். பள்ளிக்கூட வாசலில் சாய்தளம் கட்டியிருந்தாலும், அது செங்குத்தாக இருக்கிறது. காலையில் கூடப் படிக்கும் பெண்கள் இரண்டு பேர் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளி ஏற்றுகிறார்கள். சசிகலா கீழே நிற்பாள். வண்டி உள்ளே போய் மூலை திரும்பி மறைந்த பிறகுதான் கம்பெனி பஸ்ஸுக்கு நடப்பாள்.