மூச்சு விடாத கவிதை

உத்திரமேரூர் போகும் பஸ் சாலவாக்கத்தில் பஞ்சராகி நிற்கிறது. அறுப்பு முடிந்த வயலில் பெண்கள் கபடி ஆடுகிறார்கள். வெற்றிக்கு இன்னும் இரண்டு புள்ளி வேண்டும். கடைசியாகப் பாடிப் போகிறவள் ‘கபடி கபடி’ சொல்லவில்லை. இருநூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலக் கவிஞர் ஒருவரின் நாலடியைப் பாடுகிறாள். கல்லூரியில் நான் நடத்தும் அதே கவிதை.

“இது செல்லுமா?” என்று பக்கத்தில் நிற்கும் ஒரு அம்மாவைக் கேட்கிறேன். பாடுகிறவளுடைய மாமியாராம்.

“அம்பயரு ஒத்துக்கினாரு சார். கபடின்னு சொன்னா பாதியில மூச்சு வுட்டுர்றா. இஸ்கூல்ல பட்ச்ச இந்தப் பாட்டுன்னா தாங்குது.”

இருவரைத் தொட்டுவிடுகிறாள். மூன்றாமவள் கணுக்காலைப் பிடித்து இழுக்கிறாள். கவிதை அறுபடவில்லை. கடைசிச் சொல்லோடு அவள் விரல் நடுக்கோட்டைத் தொடுகிறது. விசில். மாமியார் முந்தானையைச் சுழற்றிக்கொண்டு ஓடுகிறார்.

இருபது வருடமாக வகுப்பில் அந்த நாலடியை நான் மூச்சு வாங்காமல் முடித்ததே இல்லை.