விளக்கைத் தாழ்த்திய வாதம்

மேடையில் என்னை வென்றவர்கள்மீது நான் பொறாமை கொண்டதில்லை. அடுத்த மேடையில் அவர்களை வென்றுவிடலாம் என்ற நம்பிக்கை இருந்தது. நான் பொறாமைப்பட்டது ஒரு சொல்கூடப் பேசத் தெரியாத கண்ணாடித் தொட்டியின்மீது.

அதைக் கள்ளக்குறிச்சி வீட்டின் கூடத்தில் அமைத்தவன் என் அண்ணன். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தி, சென்னையில் ஒரு வண்ணமீன் கடையில் மூன்றாண்டுகள் இருந்துவிட்டு வந்து, மலைமேல் இருக்கும் கரியாலூர் விடுதிகளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டிக்கொண்டிருந்தான். மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம் ஊற்றுத் தண்ணீரைக் கேன்களில் கொண்டுவருவான். அதை வடிகட்டி, உப்புக் கலந்து, மலைத் தண்ணீரில் ஒரு கடலைச் செய்தான். அதில் இரண்டு கோமாளி மீன்கள். பாறையில் ஒட்டிக்கொண்டு காளான் குடைபோல விரியும் செந்நிற மென்பவளங்கள் ஐந்து.

அதற்கு முன்பு அந்தக் கூடம் என்னுடையது. மறுநாள் பேசவேண்டியதை முதல்நாள் மாலையே அப்பாவின் முன் நின்று பேசிப் பார்ப்பேன். பிளாஸ்டிக் நாற்காலியில் கைகட்டி அமர்ந்து கேட்பார். நான் குரல் உயர்த்தும் இடத்தில் அவருடைய தாடையும் சற்றே உயரும். அந்தத் தாடைக்காகத்தான் நான் பேசினேன். தொட்டி வந்த பிறகு நாற்காலி அதன் பக்கம் திரும்பிவிட்டது. எலவனாசூர்கோட்டைச் சித்தி முன்பெல்லாம், "எங்க, மேடையில பேசுறாப்புல பேசிக் காட்டு" என்பாள், இப்போது செருப்பைக் கழற்றுவதற்குள், "மீனு இன்னா பண்ணுது?" என்றாள். கைதட்டல் கேட்காமலேயே அத்தனை பேரையும் மணிக்கணக்கில் வாய்மூடி உட்கார வைத்தது அந்தத் தொட்டி. நான் எந்த மேடையிலும் அதைச் சாதித்ததில்லை.

ஒதுக்கீட்டுப் போராட்டம் சாலைக்கு வந்திருந்த காலம் அது. விழுப்புரத்தில் ஒரு சொற்போர். உள் ஒதுக்கீடு வேண்டுமா, வேண்டாமா என்பதே தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் 'வேண்டும்' எனக்கு விழுந்தது. 'வேண்டாம்' விழுந்திருந்தாலும் அதே உருக்கத்தோடு பேசியிருப்பேன். சாலையில் நின்றவர்களுக்கு அது பிள்ளைகளின் படிப்பு, வேலை; எனக்கோ சீட்டில் வந்த ஓர் அணி. என்னோடு வருவதாக அப்பா சட்டைகூடத் தேய்த்து வைத்திருந்தார்.

அன்று காலை உளுந்தூர்பேட்டைப் பக்கம் மறியல். பேருந்துகள் நின்றன, சொற்போர் தள்ளிவைக்கப்பட்டது. செய்தியைச் சொன்னபோது அப்பா தயங்காமல், "நல்லதாப் போச்சு. தொட்டிக்கு வாங்குன லைட்ட மாட்டிடலாம்" என்றார்.

அந்த 'நல்லதாப் போச்சு' என்னைச் சுட்டது.

அண்ணன் சிமெண்டுத் தூள் விழாதபடி அம்மாவின் பழைய புடவையால் தொட்டியை மூடி, கூரையில் இரண்டு துளையிட்டு, கொக்கிகளை முடுக்கினான். துருப்பிடிக்காத சங்கிலிகளில் விளக்கைத் தொங்கவிட்டு, நீர்மட்டத்திலிருந்து டேப்பால் அளந்தான். ஏணியைப் பிடித்திருந்தது நான்.

"ஒன்றரை அடி இருக்கட்டும். இந்த லைட்டுல வெளிச்சத்தக் கூட்டிக் கொறைக்க முடியாது. உசரம்தான் கணக்கு. கிட்ட வந்தா பவளம் தாங்காது" என்றான்.

எனக்குப் பவளம் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் அவன் ஓர் அணியை எடுத்துக்கொண்டான். மற்றது எனக்கு மீதமிருந்தது.

"கடலின்மீது காயும் சூரியனை யார் அண்ணா ஒன்றரை அடி தூக்கிக் கட்டினார்கள்? வெயிலில் பிறந்த உயிரை நிழலில் வளர்ப்பது அன்பா, அச்சமா?" என்று தொடங்கினேன். ஏணியைப் பிடித்தபடியே ஐந்து நிமிடம் பேசினேன். ஒரு கையால் புடவையை விலக்கி மங்கிய நீரைக் காட்டினேன். பார்க்க வருபவர்களுக்குப் பாதி நிறம் தெரியவில்லை என்றேன். குரலை உயர்த்தினேன். நாற்காலியில் அப்பாவின் தாடை உயர்ந்தது.

"அவன் சொல்றதும் ஞாயமாத்தானடா கீது" என்றார்.

"உனுக்கு மைக்கே வேணாண்டா" என்று அண்ணன் சிரித்தான். அப்பா சொன்னதற்காகச் சங்கிலியில் கண்ணிகளை எண்ணி இறக்கினான். விளக்கு அரை அடிக்கு வந்தது. நீர் பளீரென்று எரிந்தது. எத்தனையோ கேடயங்கள் தராத மகிழ்ச்சியை அந்த வெளிச்சம் எனக்குத் தந்தது.

மூன்றாம் நாள் காளான்கள் சுருங்கின. ஒரு வாரத்தில் செம்மை வடிந்து, வெந்த சோறுபோல வெளுத்தன. ஐந்தில் மூன்று, பாறையிலிருந்து கழன்று போயின. அண்ணன் ஏணியைத் தானே கொண்டுவந்து, சங்கிலியைப் பழைய கண்ணியிலேயே மாட்டினான். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

சொற்போருக்குப் புதிய நாள் குறித்தார்கள். அப்பாவை அழைத்தேன். தொட்டியைப் பார்த்தபடியே சொன்னார்: "நீ பேசுனா எனக்கு எல்லாமே ஞாயமாத்தான் தெரியுது. அதான் பயமா கீது. நீ போய்ட்டு வா."

தனியாகப் போனேன். முதல் பரிசு. அரங்கில் ஐந்நூறு நாற்காலிகள் இருந்திருக்கலாம். நான் தேடிய ஒன்று அங்கே இல்லை.

மாலையில் கேடயத்தோடு கூடத்துக்குள் நுழைந்தபோது இருவரும் தொட்டியின் முன் குனிந்திருந்தார்கள். "ஒண்ணு விரிஞ்சிகினு வருதுடா, வந்து பாரு" என்றார் அப்பா, திரும்பாமலே. விரலளவுக் குடை ஒன்று, ஓரத்தில் மெல்லிய சிவப்போடு. அந்தச் சிவப்பின்மீதும் எனக்குப் பொறாமை வந்தது. கேடயத்தைத் தரையில் வைத்துவிட்டு அண்ணனிடம், "ஒன்றரை அடிதான் சரி. நான் தெரியாமல் பேசிவிட்டேன்" என்றேன். எந்த மேடையிலும் நான் சொல்லியிராத வாக்கியம் அது. குரல் உயரவே இல்லை.

அப்பா நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"இன்னாடா சொன்ன? இன்னொரு தபா சொல்லு."

என் பேச்சை அவர் இன்னொரு முறை சொல்லச் சொன்னது அதுதான் முதல் தடவை. திரும்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.