ஃபிளெக்ஸ் போர்டில் அக்காவின் முகம்

வேட்பாளர்

தோள்மேல் இருந்த விரல்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன். ஃபிளெக்ஸ் கடை டிசைனருக்குப் பாதி வேலை அழிப்பதுதான். குமணன்சாவடி சிக்னலில் நிற்கும்போது தலைக்கு மேலே கும்பிட்டுச் சிரிக்கிற முகங்களைப் பார்த்து நீங்களும் அலுத்துப்போயிருப்பீர்கள். அவற்றை நாள் முழுக்கக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பவள் நான்.

கை தாமோதரன் அண்ணனுடையது. தோள் அவர் மனைவி விஜயலட்சுமி அக்காவுடையது. வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டதால் அண்ணன் அக்காவை நிறுத்தியிருந்தார். அக்கா தனியாக இருக்கிற படம் கேட்டேன். வீடு முழுக்கத் தேடியும் இல்லையென்று மகனின் பழைய காதுகுத்துப் படத்தைக் கொண்டுவந்திருந்தார். கையை அழித்தேன். மடியிலிருந்த குழந்தையை அழித்தேன். அழித்த இடங்களில் புடவையை நிரப்பினேன். அண்ணன் மானிட்டரைப் பார்த்துவிட்டு, தன் படத்தைப் பாதி போர்டுக்கு இழுக்கச் சொன்னார். அக்கா மூலையில் ஒரு வட்டத்துக்குள் போனார்.

"வேட்பாளர் அக்காதானே அண்ணா?" என்றேன்.

"வேட்பாளர் அவதாம்மா. ஓட்டுக் கேக்கப் போறது நானு. கேக்கறவன் மூஞ்சி தெரிய வேணாமா?"

டிசைனர்

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒருவர் மகளின் மஞ்சள் நீராட்டுக்குப் போர்டு அடிக்க வந்தார். கடையில் நான் மட்டும் இருந்தேன். "டிசைனர் இல்லையா?" என்றார். நான்தான் என்றேன். சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் அவர் மகளின் படத்தை வெட்டி, பெயரைப் போட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினேன். நன்றாகப் பார்த்தார். பெண்ணின் கன்னத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்க முடியுமா என்று கேட்டார்.

"சரிம்மா, நல்லாத்தான் வந்திருக்கு. டிசைனரு வந்ததும் ஒரு தடவ காட்டிட்டு பிரிண்ட் போட்டுடலாம்."

மகளிர் தினம்

மகளிர் தினத்துக்குப் பெரிய போர்டு. மேல் வரிசையில் ஆண்கள், கீழ் வரிசையிலும் ஆண்கள். நடுவில் இணையத்திலிருந்து எடுத்த ஒரு பெண், முஷ்டியை உயர்த்தி. அந்தப் பெண்ணுக்கு நம் ஊர் ஜாடையே இல்லை. கூட்டம் நடத்தும் மகளிர் குழுத் தலைவியின் படத்தை அங்கே வைக்கலாமே என்றேன். ஆர்டர் கொடுத்தவர் என்னைவிட வயதில் சின்னவர். கோபப்படவில்லை, பொறுமையாகவே விளக்கினார்.

"நம்ம ஆளுங்க படத்த வெச்சா, அது எதுக்கு, இது எதுக்குன்னு நூறு பேச்சு வரும் மேடம். இந்தப் பொண்ணே இருக்கட்டும். யாருக்கும் தொந்தரவு இல்ல."

கழிப்பறை

அக்கா ஜெயித்த பிறகு கவுன்சிலர் என்று எல்லோரும் கூப்பிட்டது அண்ணனைத்தான். ஆனால் மார்க்கெட்டில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டவைத்தது அக்கா. இன்ஜினியர் அறை வாசலில் போய்ப் போய் உட்கார்ந்து வாங்கியது. பூக்காரிகளும் காய்கறிக்காரிகளும் அதுவரை விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வியாபாரம் செய்தவர்கள்.

திறப்புக்கு முந்தின நாள் அக்கா முதல்முறையாகத் தானே கடைக்கு வந்தார். ஸ்டுடியோவில் எடுத்த படம் போனில் இருந்தது. தனியாக, கழுத்துவரை பொத்தான் போட்ட ரவிக்கையில், சிரிக்காமல்.

"அடுத்த தடவ வார்டு பொதுவாயிடும்னு சொல்றாங்க பர்வீன். அப்பவும் நானே நிக்கணும். அதுக்குள்ள ஜனங்களுக்கு என் மூஞ்சி தெரியணும். இந்தப் படம் மட்டும் போடு."

போட்டேன். என் வேலையில் எதையும் அழிக்காமல் செய்த போர்டு அது. திறப்பன்று மத்தியானம்வரை மார்க்கெட் வாசலில் இருந்தது. பிறகு அண்ணன் வந்து, அதே அளவில், தன் படத்தோடு வேறொன்று அடித்துக்கொண்டு போனார். அதற்குள் எங்கள் கடைக்கு எதிரே பூ விற்கிற அம்மா முதல் போர்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"இன்னா பாப்பா, இந்தம்மாவா கவுன்சிலரு? நான் அவரு ஊட்டுக்காரம்மான்னுல்ல நெனச்சிகினு கீறேன்."

பொது

வார்டு பொதுவானது. அண்ணன் நிற்கிறார். பத்துக்கு இருபது அடி போர்டு, அதை வாங்கிப்போக அக்கா மட்டும் ஆட்டோவில் வந்தார். கழிப்பறை கட்டித் தந்தவர் என்று அண்ணன் பெயருக்குக் கீழே இருந்தது. அக்கா அதைப் படித்தார். எழுத்துப் பிழை எதுவும் இல்லை என்றார்.

"நீங்க கேக்கலையாக்கா?"

"கேட்டேன். கட்சிக்காரங்க எல்லாம் வீட்டுக்கு வந்திருந்தாங்க. காபி குடுத்துட்டு அங்கயே நின்னு, இந்தத் தடவையும் நானே நிக்கறேன்னு சொன்னேன். யாரும் திட்டல பர்வீன். சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. எம் பையனும்."

பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"என் படம் அந்த ஓரத்துல இருக்கட்டும்னு சொன்னாங்க. லேடீஸ் ஓட்டு வருமாம்."

இத்தனை வருடத்தில் இந்தத் தொழிலில் நான் தெரிந்துகொண்டது, எவ்வளவு பெரிய போர்டு அடித்தாலும் இடம் பற்றாமல் போவது அதே ஆட்களுக்குத்தான் என்பது.

பிரிண்ட் முடிந்ததும் போர்டைத் தரையில் விரித்து மடிக்க ஆரம்பித்தோம். நான் ஒரு முனை, அக்கா ஒரு முனை. மை இன்னும் சரியாகக் காயவில்லை, முகத்தில் மடிப்பு விழுந்தால் வெள்ளைக் கோடு நிற்கும் என்றேன். மடிப்பு நேராக அண்ணனின் நெற்றிக்கு வந்தது. அக்கா தன் முனையைக் கொஞ்சம் இழுத்து, மடிப்பை ஓரத்திலிருந்த தன் படத்தின்மேல் கொண்டுபோய் வைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார்.