நாய்க்காரி கடலோரம் குடிபோன கதை

புதுச்சத்திரத்துக்குத் தெற்கே ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த வசந்தாமணியை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாய்க்காரி என்று கேட்டால்தான் வழி சொல்லுவார்கள். அவளும் அதற்கெல்லாம் முகம் சுளிக்கிற ஆள் இல்லை. "ஆமாங்க, நாய்க்காரிதான். மனுசங்களக் கட்டிக்கிட்டு அழுது நான் என்னத்தைக் கண்டேன்?" என்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

நாய் என்றால் பிஸ்கட் போட்டுப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்புகிற பாசம் இல்லை அவளுடையது. தெருவில் திரியும் பெட்டை நாய்களைச் சாக்கில் சுற்றி, ஆட்டோக்காரரிடம் கெஞ்சி ஏற்றி, நாமக்கல்லுக்குக் கொண்டுபோய்க் கருத்தடை செய்துகொண்டு வருவாள். டாக்டர் லீவு என்றால் மறுபடியும் போவாள். நாயைக் கல்லால் அடித்தவன் வீட்டு முன்னால் போய் நின்று அவன் பாட்டன் பூட்டன் வரை இழுத்துப் பேசிவிட்டுத்தான் திரும்புவாள். கிராம சபையில் எல்லாரும் தண்ணீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் மனுக் கொடுத்தால், இவள் தெருநாய்களுக்கு ஊசி முகாம் கேட்டு மனுக் கொடுப்பாள். அதைப் படிக்கும்போது கூட்டம் கொல்லென்று சிரிக்கும். அடுத்த கூட்டத்துக்கும் அதே மனுவோடு வந்து முன்வரிசையில் உட்காருவாள்.

பண்ணையில் கீறல் விழுந்த முட்டைகளை வேலையாட்கள் எடுத்துக்கொள்ளலாம். மற்ற பெண்கள் வீட்டுக்குப் பொரியலுக்குக் கொண்டுபோனார்கள், இவள் நாய்களுக்குக் கொண்டுபோனாள். எங்கள் பக்கத்து வெயிலுக்குக் கீறல் முட்டை ஒரு பொழுதுகூடத் தாங்காது. அதனால் வீட்டுக்குப் பின்னால் நிழலில் ஆற்று மணலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, ஈரத்துக்குள் முட்டைகளைப் புதைத்து வைப்பாள். கிழவி என்றொரு பெட்டை நாய் இருந்தது. பிறக்கும்போதே முகம் சுருங்கியிருந்ததால் அந்தப் பெயர். அது மணலை மோந்து பார்த்தே முட்டை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, முன்னங்காலால் பதமாக ஒதுக்கி, ஓடு நொறுங்காமல் வாயில் கவ்விவரும். வருவோர் போவோரையெல்லாம் நிறுத்தி வசந்தாமணி அதைக் காட்டுவாள்.

"பாருங்க, எம்பட கிழவிக்கு இருக்கற அறிவு எங்க மேனேசருக்குக்கூடக் கெடையாதுங்க."

கேடு வேறு பக்கத்திலிருந்து வந்தது. சுற்றுவட்டாரத்தில் யாரோ செத்த கோழிகளை ஓடையில் கொண்டுவந்து கொட்டினார்கள். அதைத் தின்று பழகிய நாய்கள் கூட்டம் சேர்ந்து, கோழி கிடைக்காத அன்று ஆட்டுப்பட்டிக்குள் புகுந்தன. அடுத்த தோட்டத்து அங்கமுத்து மேச்சேரிச் சந்தையில் பார்த்துப் பார்த்து வாங்கி வளர்த்த செம்மறிகள் ஒரு விடிகாலையில் தொண்டை கிழிந்து கிடந்தன. அந்த மனுசன் பட்டிக்கு நடுவில் உட்கார்ந்து அழுததை வசந்தாமணியும் பார்த்தாள். ஆனால் ஊர் ஒரே விரலாக அவளைத்தான் காட்டியது.

"எம்பட நாய்க ஊட்ட உட்டு நவுரலீங்க. சாமி சத்தியமா நவுரலீங்க" என்று கத்தினாள். அது உண்மையும்கூட. ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சில நாள் கழித்து அவள் வேலை முடிந்து வந்தபோது வாசலில் நாய்கள் நுரை தள்ளிக் கிடந்தன. பக்கத்தில் கோழிக்கறித் துண்டுகள், பூச்சிமருந்து வாடை. உள்ளே கட்டிப் போட்டிருந்த மூன்று மட்டும் தப்பின. கிழவி, ரிக்கு, பஞ்சு. குழி தோண்டிக்கொண்டிருந்தவளிடம் அங்கமுத்து வந்து நின்றார்.

"நான் மருந்து வெக்கலீங்க அம்மிணி. ஆனா வெச்சவனத் திட்டச் சொன்னா எனக்கு வாய் வராது" என்றார்.

அவள் மண்ணைத் தள்ளி மூடினாள்.

அவள் புருசன் பூபதி போர்வெல் போடும் ரிக் வண்டியில் காலமெல்லாம் ஓடியவர். இந்தியாவில் எந்த மாநிலத்துப் பாறை எவ்வளவு கடினம் என்று கேட்டால் சொல்லுவார். துளை போடும்போது பறக்கும் கல்மாவு நெஞ்சுக்குள் போய்ப் படிந்து, இப்போது நாலு எட்டு நடந்தால் மூச்சு இழுத்தது. புழுதி இல்லாத இடமாகப் பார்த்து இருக்கச் சொன்னார் டாக்டர். எங்கள் பக்கம் புழுதி இல்லாத இடத்துக்கு எங்கே போவது? பூபதி ஒரு முறை நாகப்பட்டினத்துப் பக்கம் ரிக்கோடு போயிருந்தபோது கடலோரத்தில் நன்றாக மூச்சு விட்டுத் தூங்கியதை நினைவு வைத்திருந்தார். பிள்ளை குட்டி இல்லாத வீடு, தடுக்க ஆள் இல்லை. இருந்த துண்டுத் தோட்டத்தை விற்று, ஒரு மீனவக் குப்பத்தின் ஓரத்தில் ஓட்டு வீடு ஒன்றை வாங்கினார்கள். வசந்தாமணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏனுங்க, இந்த மூணும் வந்தா நானும் வாரேன். இல்லீன்னா நீங்க போய் மூச்சு உடுங்க, நான் இங்கயே கெடக்கறேன்."

"நாய இங்க உட்டுட்டுப் போனா நீ அங்க வந்தும் எம் மூச்ச வாங்குவ. ஏத்து" என்றார் பூபதி.

கடலோரத்தில் ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. பூபதி கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டு உப்புக் காற்றில் குறட்டை விட்டார். நாய்கள் ஈர மணலில் கால் போன போக்கில் ஓடின. வெறுத்துக் கல்லெடுக்கிற கை ஒன்றுகூட இல்லை. பக்கத்து வீட்டு மயிலம்மாள் கருவாடு போடுகிறவள், புருசனைக் கடலில் பறிகொடுத்தவள். அவளிடம் செவலை என்றொரு நாய் இருந்தது. கரையேற்றிய படகுக்கு அடியில் படுத்திருக்கும், அவள் கூடையோடு கிளம்பினால் பின்னாலேயே போகும். "எனக்குன்னு இருக்கிற ஒரே துணைக்கா இது" என்பாள். வசந்தாமணிக்குப் பிடித்துப்போக அது போதாதா? குப்பத்து நாய்களுக்கெல்லாம் ஊசி போட ஏற்பாடு செய்தாள். இங்கேயும் நாய்க்காரியானாள். இங்கே அதை மரியாதையாகச் சொன்னார்கள்.

தை பிறந்ததும் ஆமைகள் கரையேறின. தையில் வந்தாலும் பங்குனி ஆமை என்றுதான் அங்கே சொல்லுகிறார்கள். மணலைத் தோண்டி முட்டையிட்டு, குழியை மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். அந்த முட்டைகளை எடுத்துக்கொண்டுபோய் வேலி கட்டிய பொரிப்பகத்தில் புதைத்துக் காக்க, கௌதமன் என்ற வனக்காவலர் வந்து போய்க்கொண்டிருந்தார். உயிர் என்று கேட்டால் சும்மா இருப்பாளா நம் ஆள்? காவலுக்கு முதலில் பேர் கொடுத்தவள் வசந்தாமணிதான். விடிவதற்குள் எழுந்து கரையோரம் நடந்து ஆமைத் தடம் பார்த்துச் சொன்னாள். முதல் முறை ஒரு குழியில் கையை விட்டு, வெள்ளை வெளேரென்று தோல் போல மெத்தென்றிருந்த முட்டையை எடுத்தபோது அவள் கண் கலங்கிவிட்டது.

பிறகு குழிகள் கலைந்து கிடக்க ஆரம்பித்தன. கௌதமன் போய்ச் சேர்வதற்குள் ஏதோ தோண்டித் தின்றுவிட்டுப் போயிருந்தது. நரியாக இருக்கும் என்றார்கள் சிலர், நாய் என்றார்கள் சிலர். வசந்தாமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எந்த நாயா இருந்தாலும் புடிச்சுக் கட்டுங்க சாமி. பாவம், ஆமை பெத்துப்போட்டுட்டுப் போனதப் போய்த் திங்குதே" என்று அவளே கௌதமனிடம் சொன்னாள்.

அடுத்த வாரம் ஒரு விடியலில், தாழம்புதருக்கு அந்தப் பக்கம் அவள் கையும் களவுமாகப் பார்த்தாள். கிழவிதான். மூக்கை மணலில் வைத்து மோந்து, முன்னங்காலால் பதமாக ஒதுக்கி, முட்டையைக் கிழிக்காமல் கவ்வி எடுத்தது. சுற்றிலும் குப்பத்து நாய்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தன, செவலையும். மீன் தலையைத் தவிர வேறொன்று தெரியாத நாய்கள் அவை. கிழவி ஒரு முட்டையைக் கொண்டுவந்து வசந்தாமணியின் காலடியில் வைத்துவிட்டு வாலை ஆட்டியது. அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். வேறு யாரையும் நோக வழியில்லை.

வீட்டுக்கு இழுத்துவந்து மூன்றையும் சங்கிலியில் பூட்டினாள். பூபதி விசயத்தைக் கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"வாய மூடிக்கிட்டு இரு. கட்டியே வெச்சுக்கலாம். வெளிய தெரிஞ்சா நம்ம மூணையும் தூக்கிட்டுப் போயிருவாங்க. நம்மளையும் இங்க இருக்க உட மாட்டாங்க. தோட்டத்தையும் வித்தாச்சு, இனி எங்க போறது புள்ள?"

அவளும் வாயை மூடிக்கொண்டாள். மூன்றும் நாளெல்லாம் சங்கிலியில் கிடந்து ஊளையிட்டன. ஆனாலும் குழிகள் கலைவது நிற்கவில்லை. குப்பத்து நாய்கள் பார்த்துப் பழகிவிட்டன. ஒரு நாள் செவலை மூக்கிலும் மீசையிலும் முட்டை மஞ்சள் ஒட்டிக்கொண்டு வந்து மயிலம்மாள் வாசலில் நின்றது. அதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர்.

நாய்களைப் பிடித்துப்போக வண்டி வரும் என்று முடிவானது. வந்த அன்று வலை பின்னும் கொட்டகையில் ஊர் கூடியது. கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும், அதுதான் சட்டம் என்று வசந்தாமணி சொன்னாள். வண்டியில் வந்தவர் "தெரியும்மா, தெரியும்மா" என்று தலையாட்டியபடி வலையை உதறினார். கொண்டுபோனவை திரும்பாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கௌதமனுக்கும் முகம் சரியில்லை. அவர் ஊரைப் பார்த்துச் சொன்னார்:

"நாய் வளக்கறதுன்னா இந்த அம்மா மாதிரி வளக்கணும். பாருங்க, மூணையும் கட்டி வெச்சிருக்காங்க. நீங்களும் அப்படி வெச்சிருந்தா இந்த நெலமை வருமா?"

மயிலம்மாள் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். வசந்தாமணியைப் பார்த்து, "நீங்க சொன்னா கேப்பாங்கக்கா. ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" என்றாள்.

வசந்தாமணியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"சாமி, இதுகளுக்கு முட்டை திங்கவே தெரியாதுங்க. எம்பட கிழவிதான் தோண்டிக் காட்டுச்சு. அதுக்கு மணல்ல முட்டையப் பொதச்சு வெச்சுப் பழக்குனவ நானுங்க. இதுகளப் புடிக்கறதா இருந்தா மொதல்ல எம்பட நாயப் புடிங்க."

கௌதமன் பக்கத்தில் வந்து, அவள் கையைப் பிடித்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுவது போல மெதுவாகச் சொன்னார்.

"உங்க மனசு எனக்குத் தெரியும்மா. ஆமைக் குழியக் காவல் காத்த ஆளே நீங்கதான். இந்த நாய்களக் காப்பாத்தறதுக்காக இப்படியெல்லாம் சொல்லாதீங்க."

"நாய்க்குன்னா அந்தம்மா கொலைப்பழியைக்கூட ஏத்துக்கும்பா" என்றார் பின்னாலிருந்து ஒருவர். இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இல்லீங்க, நெசமாத்தானுங்க! கொண்டாந்து அவுத்து உடறேன், நீங்களே பாருங்க!"

சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். ஒரு முட்டையை மணலில் புதைத்துவிட்டுக் கிழவியை அவிழ்த்துவிட்டால் போதும், யாரும் வாய் திறந்து சாட்சி சொல்ல வேண்டியதில்லை. பூபதி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். கிழவி சங்கிலி எட்டும் மட்டும் முன்னால் வந்து, இரண்டு காலையும் தூக்கி அவள் இடுப்பில் வைத்தது. வசந்தாமணி சங்கிலியின் கொக்கியில் கையை வைத்தாள். வைத்த கை வைத்தபடியே நின்றாள். வெளியே வண்டிக்குள் நாய்கள் கத்துவது கேட்டது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பிப் போகும் சத்தமும் கேட்டது. அவள் கொக்கியைக் கழற்றவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மயிலம்மாள் வந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. எதற்கு வந்தாளோ என்று வசந்தாமணி பயந்து எழுந்தாள். மயிலம்மாள் அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க செவலைக்காக ஒங்க நாய் மேலயே பழியப் போட்டுக்கிட்டீங்களேக்கா. கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா."

வசந்தாமணி கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள், அவள் விடவில்லை. பிறகு மயிலம்மாள் குனிந்து, கிழவியின் சுருங்கிய முகத்தைத் தடவிக்கொடுத்தாள்.

"செவலைக்கு வெச்ச மீனு கெடக்குக்கா. இனிமே இதுக்கே கொண்டாந்து போடுறேன்" என்றாள்.

மறுநாள் காலையில் கிண்ணத்தோடு வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். வேண்டாம் என்று சொல்ல வசந்தாமணிக்கு வாய் வரவில்லை.